கேளாது வரும் செய்தியும் அதன் உடன்படிக்கையும்

முன்னாளில் விருதுபட்டி என வழங்கி, 1923-ஆம் ஆண்டு முதல் விருதுநகர் எனப் பெயர்பெற்ற ஊரின் வாணிபச் சிறப்பை நம் நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பருப்பு, வற்றல், மல்லி, எண்ணெய் முதலிய சரக்குகளின் விலை அவ்வூர்ச் சந்தையில் ஏறினால், தென்பாண்டி நாட்டு மளிகைக் கடைகளில் அவ்வேற்றம் விரைவில் எதிரொலிக்கும். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்ற தலைப்பிற் பத்திரிகைகளில் வெளிவரும் சில வரிகளை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவ்வரிகள் விலையை மட்டும் சொல்லி நில்லா. எண்ணெய் என்றால் இத்தனை கிலோ டின் ஒன்றுக்கு, பருப்பு என்றால் இத்தனை கிலோ மூட்டை ஒன்றுக்கு என்று அளவையும் உடன் சொல்லும். அளவு கூறாத விலை விலையாகாது என்பதை நம் வணிகர் எந்தக் கல்லூரியிலும் பயின்றாரல்லர், நஷ்டப்பட்டுக் கற்றனர். செய்தியை அனுப்புவோரும் பெறுவோரும் ஒரு வடிவத்திற்கு முன்னரே உடன்பட்டாலன்றிச் செய்தியாற் பயனில்லை என்னும் இவ்வுண்மையே இக்கட்டுரையின் பொருளாகும்.

நிற்க. விலையை அறிதற்கு வழிகள் இரண்டு. கடைக்காரர் வேண்டும்போதெல்லாம் தரகரிடம் தொலைபேசியில் வினவுதல் ஒன்று. விலை மாறும்போதெல்லாம் தரகரே அவருக்குச் சொல்லியனுப்புதல் மற்றொன்று. முன்னதில் வினாவும் விடையும் உண்டு. பின்னதில் வினா இல்லை. நிகழ்ச்சியும் அதன் அறிவிப்புமே உண்டு. இந்நாளிற் கணினிச் செயலிகள் தமக்குள் உரையாடுவதும் இவ்விரு வகையாலேயே ஆகும். ஒரு செயலி மற்றொரு செயலியின் சேவையைப் பெறுதற்கென வகுத்த வாயிலை ஏ.பி.ஐ. என்பர். ரயிலில் இடம் உண்டோ என்று ஒரு செயலி கேட்க, உண்டு அல்லது இல்லை என்று மற்றொன்று மொழிவது வினாவிடை வகை. வங்கிக் கணக்கிற் பணம் சேர்ந்த கணமே, நாம் கேளாதிருக்கவும், கைப்பேசியிற் செய்தி வந்து நிற்பது நிகழ்ச்சி வகை.

நம் நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்துக் காட்டினார். கணினி உலகமும் முதற்கண் வினாவிடைக்கே இலக்கணம் வகுத்தது. வேர்ட்னிக் என்னும் இணைய அகராதி நிறுவனத்தில் டோனி டாம் என்பவர் ஆக்கி 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்வாகர் என்னும் முறை, ஏ.பி.ஐ. ஒன்றின் வாயில்கள் எவை, எதனை எவ்வடிவிற் கேட்க வேண்டும், விடை எவ்வடிவில் வரும் என்பவற்றை மனிதரும் கணினியும் ஒருங்கே படிக்கத்தக்க ஏட்டில் எழுத வழிசெய்தது. 2015-ஆம் ஆண்டில் அது லினக்ஸ் பவுண்டேஷன் என்னும் பொது ஸ்தாபனத்தின் பாதுகாப்பிற் சேர்ந்து, பின்னர் ஓப்பன் ஏ.பி.ஐ. எனப் பெயர் பெற்றது. கேளாது வரும் செய்திக்கு அத்தகைய ஏடு இல்லாமையைக் கண்ட ஃபிரான் மெண்டெஸ் என்னும் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர், ஓப்பன் ஏ.பி.ஐ.யின் அடியொற்றி ஏசிங்க் ஏ.பி.ஐ. என்னும் விவரணத்தைத் தொடங்கினார். அதன் முதற் பதிப்பு 2017-லும், இரண்டாம் பதிப்பு 2019-லும், மூன்றாம் பதிப்பு 2023 டிசம்பரிலும் வெளியாயின. 2021-ஆம் ஆண்டில் அதுவும் லினக்ஸ் பவுண்டேஷனை அடைந்தது.

இவ்வேட்டிற் காணப்படுவன யாவை? செய்தி எந்தச் சேவையகத்தில் ஓடுகின்றது, எந்தக் கால்வாய் வழியே வருகின்றது, அதில் என்னென்ன உறுப்புகள் உள்ளன, ஒவ்வோர் உறுப்பும் எண்ணோ எழுத்தோ நாளோ, எது இன்றியமையாதது, எது விடத்தக்கது என்பன யாவும் இதில் எழுதப்பெறும். செய்தியைச் சுமக்கும் ஊர்தி எதுவாயினும் ஆகுக. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்கென 1999-ல் ஆக்கிய எம்.கியூ.டி.டி. ஆகலாம், லிங்க்டுஇன் நிறுவனத்தார் ஆக்கி 2011-ல் யாவர்க்கும் திறந்துவிட்ட காஃப்கா ஆகலாம், உலாவியோடு இடையறாது பேசும் வெப்சாக்கெட் ஆகலாம். ஏட்டின் வடிவம் ஒன்றே.

வினாவிடைக்கு உள்ள ஏடே போதாதோ, செய்திக்கென்று தனியே ஓர் உடன்படிக்கை எதற்கு என்று கேட்பார் உளர். எமது விடை இது: வினாவிடையிற் பிழை நேர்ந்தால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். கேட்டவன் விடை வாராமையைக் காண்கின்றான். உடனே மறுமுறை கேட்கின்றான் அல்லது குறை கூறுகின்றான். நிகழ்ச்சி வகையில் நிலைமை வேறு. செய்தி வரவில்லை என்றால், நிகழ்ச்சி நடைபெறவில்லை என்பது பொருளோ, நடந்தும் செய்தி வழியில் அறுந்தது என்பது பொருளோ? பெறுவோன் அறியான். வற்றல் விலையை விலை என்ற பெயரில் அனுப்பிவந்த தரகர் ஒருவர், ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அவ்வுறுப்பின் பெயரை மதிப்பு என்று மாற்றிவிட்டார் என வைத்துக்கொள்வோம். பெறும் செயலி விலையைத் தேடிக் காணாமல் அச்செய்தியை ஒதுக்கிவிடும். கடைக்காரரோ சந்தையில் மாற்றமில்லை என்று எண்ணிப் பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருப்பார். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பர். இங்கோ மௌனம் நஷ்டத்திற்கு அறிகுறி. பிழை எங்கே ஓசையின்றி நிகழுமோ, அங்கேதான் எழுதிய உடன்படிக்கை மிகுதியும் வேண்டப்படும்.

இனி, ஏடு எழுதிவிட்டால் மட்டும் போதுமோ? போதாது. ஏட்டைக் காப்பாரும் அதன்படி நடக்கின்றதா என்று நோக்குவாரும் வேண்டும். இப்பணிக்கென அமைந்தவையே ஏ.பி.ஐ. மேலாண்மைத் தளங்கள். வருவோரிடம் அனுமதிச் சீட்டு உண்டா என்று பார்த்தல், ஒருவரே வாயிலை அடைத்துக்கொள்ளாதபடி அளவு வகுத்தல், எந்தெந்த ஏ.பி.ஐ.க்கள் உள்ளன என்று பட்டியலிட்டுக் காட்டுதல், பழைய பதிப்பை நிறுத்துமுன் சந்தாதாரர்க்கு அறிவித்தல் ஆகியவை அவற்றின் கடமைகள். இத்தளங்கள் வினாவிடைக்கென்றே பிறந்தவை. கேளாது வரும் செய்தியை இவை எங்ஙனம் ஏற்கின்றன என்பதே இன்றைய கேள்வி.

இதற்கு நம் அண்டை நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையிற் சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம், ஏ.பி.ஐ. மேனேஜர் என்னும் மேலாண்மைத் தளத்தை 2012-ல் வெளியிட்டது. அதன் மூலநிரல் யாவரும் படிக்கவும் திருத்தவும் இசைந்த அப்பாச்சி உரிமத்தில் உள்ளது. அதில் வெப்சாக்கெட்டிற்கு முன்னரே ஓர் இடமிருந்ததாயினும், 2021-ஆம் ஆண்டில் வெளியான 4.0 பதிப்பிலேதான் ஓடைவகை ஏ.பி.ஐ.க்கள் தனி இனமாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. வெப்சாக்கெட், சேவையகத்தினின்று ஒருவழியாக ஓடிவரும் எஸ்.எஸ்.ஈ., சந்தா முறையிற் செய்தி விடுக்கும் வெப்சப் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. அவற்றை விவரிக்கும் ஏடாக ஏசிங்க் ஏ.பி.ஐ. அமைந்தது. நிமிஷத்திற்கு இத்தனை வினாக்கள் என்று அளந்த தளம், இத்தனை நிகழ்ச்சிகள் என்றும் அளக்கத் தொடங்கிற்று. கொழும்பு நகரத்துப் பொறியாளர் பெரும்பங்கு உழைத்து ஆக்கிய இவ்வேற்பாடு, நாமும் பின்பற்றத்தக்கதே. ஆயினும் ஒரு தளம் ஏசிங்க் ஏ.பி.ஐ. ஏட்டை உள்ளே வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்ட அளவில் தன் கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. எத்தளமாயினும் அதனிடம் நாம் எதிர்பார்க்க வேண்டுவன நான்கு.

முதலாவது, ஏடும் ஓட்டமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஏட்டில் எழுதிய வடிவிற்கு மாறான செய்தி வந்தால், அதை வாயிலிலேயே நிறுத்தி அனுப்பியவருக்கு அறிவிக்கத் தளம் வல்லதாயிருத்தல் நலம். அன்றேல் ஏடு சுவரில் மாட்டிய சட்டதிட்டமாய்த் தூசி படியும்.

இரண்டாவது, யார் பேசுகின்றார் என்பது ஐயமறத் தெரிதல் வேண்டும். ஏசிங்க் ஏ.பி.ஐ. இரண்டாம் பதிப்பில் ஒரு கால்வாயின்கீழ் வெளியிடு என்று எழுதினால், ஏட்டுக்குரிய செயலி வெளியிடுகின்றது என்று பலரும் பொருள்கொண்டனர். உண்மையிலோ, பிறர் அக்கால்வாயில் வெளியிடலாம் என்பதே அதன் பொருள். தன்மையிற் சொல்லியதா முன்னிலையிற் சொல்லியதா என்று தெரியாத வாக்கியம் போன்றது அது. மூன்றாம் பதிப்பு இம்மயக்கத்தைத் தீர்த்து, ஏட்டுக்குரிய செயலி அனுப்புகின்றதா, பெறுகின்றதா என்று அதன் நோக்கிலேயே சொல்ல வைத்தது. பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் ஒருங்கே ஏற்கும் தளங்கள், இம்மாற்றத்தைப் பயில்வோர்க்குத் தெளிவாகக் காட்டாவிடின் அனுப்புவதும் பெறுவதும் தலைமாறிப்போம்.

மூன்றாவது, சந்தா என்பது தொடர்ந்து நிற்கும் உறவு என்பதை உணர்தல் வேண்டும். வினாவுக்கு வாயிற்காவலன் ஒருமுறை சீட்டைப் பார்த்தாற் போதும். சந்தாவோ பல நாள் நீடிப்பது. சீட்டின் காலம் இடையில் முடிந்தால் ஓடையை நிறுத்துவதா? சந்தாதாரர் சிறிது நேரம் உறங்கிவிட்டால் அவர் தவறவிட்ட செய்திகளைச் சேமித்துத் தருவதா? ஒரே செய்தி இருமுறை வரக்கூடுமா? இவற்றுக்கெல்லாம் விடை எழுத்தில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, தளம் தானே சுமக்காத ஓடைகளுக்கும் பட்டியலில் இடம் வேண்டும். பெரிய நிறுவனங்களில் நிகழ்ச்சிகள் பல ஊர்திகளில் ஓடுகின்றன. அவை யாவும் ஒரே வாயில் வழியே செல்லவேண்டுவதில்லை. ஆனால் அவை உள்ளன என்பதும், அவற்றின் உடன்படிக்கை இன்னது என்பதும் ஓரிடத்திற் காணக் கிடைத்தல் அவசியம்.

மறுப்போர் கூறுவனவற்றையும் கேட்போம். ஓப்பன் ஏ.பி.ஐ.யே 2021-ல் வெளியான 3.1 பதிப்பில் வெப்ஹுக் எனப்படும் அறிவிப்புகளுக்கு இடந்தந்துவிட்டதே, இரண்டு ஏடுகள் ஏன் என்பர் சிலர். சிறு அறிவிப்பு ஒன்றிரண்டே உடையார்க்கு அது போதும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் அது எச்.டி.டி.பி. என்னும் ஒரே ஊர்தியை நம்பியது. காஃப்காவின் கால்வாய்களையும் எம்.கியூ.டி.டி.யின் கருவிகளையும் அவ்வேட்டில் எழுதவியலாது. வேறு சிலர், நிகழ்ச்சி ஓடைக்கு நடுவே ஒரு வாயில் அமைத்தால் வேகம் குறையும் என்பர். இது மெய்யே. வாயில் எங்கே வேண்டும், எங்கே பட்டியல் மட்டும் போதும் என்று ஆராய்ந்து வைப்பதே மேலாண்மை எனப்படும். வேகத்தின் பெயரால் உடன்படிக்கையையே விட்டுவிடுதல், வண்டி விரைந்தோட வேண்டும் என்று கடையாணியைக் கழற்றுவதை ஒக்கும்.

இவையெல்லாம் பெருநகரத்து நிறுவனங்களின் கவலையேயன்றி நம் ஊர்க்கு யாது தொடர்பு என்று நம் மாணவர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு, அது விலையோடு முடிவதுமன்று, உயிரைத் தொடுவது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் பட்டாசுச் சாலைகளில் இடி மின்னல் நெருங்கும்போது மருந்து வேலையை நிறுத்துதல் தொழிலின் பாலபாடம். மின்னல் நெருங்குகின்றது என்னும் செய்தி, நிமிஷந்தோறும் கேட்டுக்கொண்டிருக்கத்தக்க வினாவன்று. கேளாமலே வரவேண்டிய நிகழ்ச்சி. அதற்கு ஓர் ஏசிங்க் ஏ.பி.ஐ. ஏடு எழுத முற்படுவோர் உடனே சில கேள்விகளைச் சந்திப்பர். இடம் ஊர்ப்பெயராற் குறிக்கப்படுமா, அட்சரேகை தீர்க்கரேகையாலா? தூரம் கிலோமீட்டரா, மைலா? நேரம் இந்திய நேரமா, உலகப் பொது நேரமா? இரண்டிற்கும் இடையே 5 மணி 30 நிமிஷ வேற்றுமை உள்ளது. பிற்பகல் 3 மணிக்கு வந்த எச்சரிக்கையைக் காலை 9.30 மணியினது என்று கொண்ட செயலி, அதைப் பழைய செய்தி என்று தள்ளிவிடும். எச்சரிக்கை எவ்வளவு நேரம் செல்லும்? ஆபத்து நீங்கியது என்னும் செய்தி தனியே வருமா? கம்பி உயிரோடுள்ளது என்று காட்டக் குறித்த இடைவேளைதோறும் ஒரு வெறுஞ்செய்தி வருமா? இக்கேள்விகளை நிகழ்ச்சி நேர்ந்தபின் கேட்பதிற் பயனில்லை.

இவ்வாறு முன்கூட்டி எண்ணி எழுதிய உடன்படிக்கைக்கு உலகில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஓயாசிஸ் என்னும் தர நிர்ணய ஸ்தாபனம் 2004-ல் வெளியிட்ட பொது எச்சரிக்கை நெறிமுறையில், ஒவ்வோர் எச்சரிக்கையும் தன் அவசரம், கடுமை, நிச்சயம் ஆகிய மூன்றையும் தனித்தனியே சொல்லவேண்டும். மெய்யான எச்சரிக்கையா, பயிற்சியா, சோதனையா என்பதையும் சொல்லவேண்டும். நம் நாட்டின் சசேத் என்னும் எச்சரிக்கை ஏற்பாடு இந்நெறிமுறையைத் தழுவியது. 2023-ஆம் ஆண்டிற் கைப்பேசிகள் திடீரென்று அலறியதும், எடுத்துப் பார்த்தோர் இது சோதனைச் செய்தி என்று படித்து ஆறுதலடைந்ததும் நம்மிற் பலர்க்கு நினைவிருக்கும். சோதனை என்னும் ஒரு சொல் அச்செய்தியில் இல்லாதிருந்தால் ஊர் என்ன பாடுபட்டிருக்கும்!

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியிற் பட்டாசுச் சாலை வெடித்து முப்பத்தைவருக்கு மேல் மாண்ட துயரத்தை இவ்வட்டாரத்தார் மறந்திலர். மாண்டவரிற் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். முதல் ஓசை கேட்டு உதவிக்கும் பார்ப்பதற்கும் ஓடிவந்த அயலார். அவ்வோசையும் ஒரு செய்தியே. ஆனால் ஏதோ நடந்தது என்றதேயன்றி, நெருங்காதீர் என்று அது சொல்லவில்லை. வடிவமற்ற செய்தி மக்களை ஆபத்தினின்று விலக்காமல் ஆபத்தை நோக்கியே இழுத்தது. கணினி ஏடு ஒன்று அவர்களைக் காத்திருக்கும் என்று நாம் துணிந்து கூறவில்லை. செய்தி இருத்தல் வேறு, பொருள் உடன்பட்ட செய்தி இருத்தல் வேறு என்பதையே சுட்டுகின்றோம்.

இதன் மறுதலையையும் தமிழ்க் கடற்கரை கண்டிருக்கின்றது. 2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தபின் நம் கரையை ஆழிப்பேரலை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அச்செய்தி உலகில் எங்கோ இருந்தது. நம்மவர்க்குச் சந்தா இல்லை. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரிலோ, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி இருந்தது. கடல் அலையின் நிலையை நாள்தோறும் அதன் வாயிலாகக் கேட்டுப் பழகியவர் அவ்வூரார். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அவ்வொலிபெருக்கி ஒலித்தது. மக்கள் கரையை விட்டகன்று பிழைத்தனர். கால்வாய் முன்னரே வெட்டப்பட்டிருந்தது. அதில் வரும் குரலுக்குப் பொருள் இன்னது என்பதும் முன்னரே தெரிந்திருந்தது. நிகழ்ச்சி நேர்ந்த அன்று செய்யவேண்டியது செய்தியை அதில் விடுவது ஒன்றே.

மாணவ நண்பர்காள்! தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்கென அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களிற் கல்கத்தா வரை சென்று மீண்ட வரலாறு சிவகாசியின் பெருமைகளுள் ஒன்று. நீங்கள் அத்துணைத் தூரம் செல்லவேண்டுவதில்லை. ஏசிங்க் ஏ.பி.ஐ. ஏடும், கொழும்புத் தளத்தின் மூலநிரலும் விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. ஆய்வுக்கூடத்திற் செயலி ஒன்று எழுத முனையும்போது, வினாவுக்கு ஓப்பன் ஏ.பி.ஐ. ஏடு எழுதுவது போலவே, அது கேளாமல் விடுக்கும் ஒவ்வொரு செய்திக்கும் முதலில் ஏடு எழுதிப் பழகுங்கள். உறுப்பின் பெயர், அளவு, நேரம், செல்லுபடியாகும் காலம், மௌனத்தின் பொருள் ஆகிய ஐந்தையும் எழுதாமல் ஒரு செய்தியையும் வெளியே விடாதீர்கள். பழைய மாணவர்களிற் பலர் இத்துறையில் உத்தியோகம் பார்க்கின்றனர்; தங்கள் நிறுவனத்துத் தளத்தில் நிகழ்ச்சி ஓடைகளுக்கும் வினாக்களுக்கு உள்ள அதே கண்ணியமான இடம் உண்டா என்று அவர்கள் ஒருமுறை கேட்டுப்பார்ப்பாராக.

டின்னுக்கு எத்தனை கிலோ என்று எழுதாமல் எண்ணெய் விலை சொல்லாத ஊர் நம்முடையது. அவ்வெச்சரிக்கை நம் செயலிகளுக்கும் வாய்க்குமாயின், கேளாது வரும் செய்தி கேட்டுப் பெற்ற விடையினும் நம்பத்தக்கதாகும் என்பது எமது துணிபு.